முழுச்சுற்றுப் படங்கள் கணினியில் தெளிவாகவும் டேப்லெட்டில் மங்கலாகவும் தெரிவது ஏன்?

கோட்டைவாசல் எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாயிலில் தொடங்கி கோணேஸ்வரம் கோயில் வரை ஏறிச் செல்லும் பாதையை முழுச்சுற்றுப் படங்களாக எடுத்து, விரலால் இழுத்து எத்திசையிலும் திருப்பிப் பார்க்கக்கூடியவாறு இணையத்தில் வைக்கும் பணியில் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளாகத் திரும்பி வர இயலாத முதியவர்களுக்காகவே இதைத் தொடங்கினோம். அவர்களில் பெரும்பாலானோர் கணினியின் முன் அமர்வதில்லை. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆகவே டேப்லெட்டில் படம் எவ்வாறு தெரிகிறது என்பதே எங்களுக்கு முதற்கேள்வி.

படங்களை முக்காலியில் பொருத்திய டிஎஸ்எல்ஆர் கேமராவால் வரிசை வரிசையாக எடுத்து, ஹியூகின் மென்பொருளில் ஒட்டி, 12,000 பிக்சல் அகலமும் 6,000 பிக்சல் உயரமும் கொண்ட ஒற்றை ஜேபெக் கோப்பாகச் சேமித்திருக்கிறோம். 22 அங்குலத் திரையுடைய கணினியில் இவை மிக நன்றாக இருக்கின்றன. கோட்டை வாயிலின் மேலுள்ள பிரித்தானிய அரச சின்னத்தின் செதுக்கு வேலை தனித்தனியாகத் தெரிகிறது. கோயிலின் அருகே இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவின் பக்கமாக நிற்கும் மரத்தில், பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய சிறு மரத்தொட்டில்களின் கயிறுகூடப் புலப்படுகிறது.

அதே பக்கத்தைப் பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் திறந்தால், தொட்டில்கள் இருக்கின்றன, கயிறு இல்லை. அரச சின்னம் ஒரு சாம்பல் திட்டாகத் தெரிகிறது. இரண்டு திரைகளின் அகலமும் 1,920 பிக்சல்தான் என்று விவரக்குறிப்புகள் சொல்கின்றன. இன்னொரு பழைய டேப்லெட்டில் படம் பாதி ஏறியதும் உலாவி தன்பாட்டில் பக்கத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஏற்றுகிறது. டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும்போது, கோயிலுக்கு வெளியே அமைந்துள்ள பெரிய சிவன் சிலையின் தலை மேல்நோக்கி இழுபட்டுத் தெரிகிறது.

கேமராவிலும் ஒட்டிய முறையிலும் குறை இருந்தால் கணினியிலும் அது தெரிய வேண்டும் அல்லவா? டேப்லெட்டுக்கென்று தனியாகச் சிறிய படங்களைத் தயாரிப்பதுதான் வழியா, அல்லது வேறு முறை உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நிலாவெளியான் எழுதியது:

உங்கள் படங்களில் குறை இல்லை. டேப்லெட்டின் திரைக்கு நீங்கள் தயாரித்த படம் போய்ச் சேரவில்லை என்பதே என் ஊகம். அதன் சுருக்கப்பட்ட பிரதி ஒன்றையே அந்தத் திரை காட்டுகிறது.

முழுச்சுற்றுப் படத்தை உலாவி சாதாரணப் புகைப்படம் போல நேரடியாகத் திரையில் வைப்பதில்லை. உலாவிக்குள் முப்பரிமாணக் காட்சிகளை வரையும் வெப்ஜிஎல் வசதியின் வழியாக அதை கிராபிக்ஸ் சில்லின் நினைவகத்தில் ஒரு டெக்ஸ்சராக, அதாவது ஒரு பரப்பின் மேல் போர்த்தும் படமாக ஏற்றி, ஒரு கோளத்தின் உட்புறத்தில் ஒட்டி, நாம் பார்க்கும் திசையை மட்டும் தட்டையாக வரைந்து காட்டுகிறது. அந்த டெக்ஸ்சர் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் 16,384 பிக்சலாக இருக்கும். ஆகவே உங்கள் 12,000 பிக்சல் படம் அங்கே முழுதாக ஏறிவிடும். டேப்லெட்டுகளில், குறிப்பாகச் சில ஆண்டுகள் பழையவற்றிலும் விலை குறைந்தவற்றிலும், அந்த வரம்பு 4,096 ஆகவோ 8,192 ஆகவோ இருப்பது வழக்கம்.

வரம்பை மீறிய படம் வந்தால் என்ன செய்வது என்பதை, பக்கத்தில் முழுச்சுற்றுப் படத்தைக் காட்டும் பார்வை நிரலை எழுதியவர் தீர்மானித்திருப்பார். பனெல்லம் போன்ற நிரல், இந்தச் சாதனத்துக்கு இந்தப் படம் மிகப் பெரியது என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். த்ரீ.ஜேஎஸ் நூலகத்தை அடிப்படையாகக் கொண்ட நிரல்களில் படம் சத்தமின்றிச் சுருக்கப்பட்டு ஏற்றப்படும். பார்ப்பவருக்கு எந்த அறிவிப்பும் வராது. உங்களுடையது இரண்டாவது வகை என்று தோன்றுகிறது.

இதை எண்ணாகப் பார்த்தால் கயிறு ஏன் மறைந்தது என்பது விளங்கும். 12,000 பிக்சலை 360 பாகைக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்கு 33 பிக்சல் கிடைக்கிறது. 4,096 ஆகச் சுருங்கினால் ஒரு பாகைக்கு 11 பிக்சலே மிஞ்சும். மூன்று மீற்றர் தூரத்தில் உள்ள மூன்று மில்லிமீற்றர் தடிப்பான கயிறு ஏறத்தாழ 0.057 பாகையை அடைக்கும். மூலப் படத்தில் அதற்கு ஏறத்தாழ இரண்டு பிக்சல் கிடைக்கிறது, சுருங்கிய படத்தில் ஒரு பிக்சலின் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. ஒரு பிக்சலையும் நிரப்ப முடியாத பொருள் பின்னணியின் நிறத்தோடு கலந்துவிடும்.

பழைய டேப்லெட்டில் பக்கம் மீண்டும் மீண்டும் ஏறுவதற்குக் காரணம் நினைவகம். ஜேபெக் கோப்பு சேமிப்பகத்தில் சில மெகாபைட்தான் என்றாலும், விரித்ததும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு பைட் வேண்டும். 12,000 பெருக்கல் 6,000 பெருக்கல் 4 என்றால் 28 கோடியே 80 இலட்சம் பைட். அதைச் சுருக்குவதற்கும் முதலில் முழுதாக விரித்தாக வேண்டும். இரண்டு ஜிகாபைட் நினைவகம் உள்ள சாதனத்தில், ஏனைய செயலிகளும் திறந்திருக்கையில், உலாவி அந்தப் பக்கத்தைக் கைவிடுவது இயல்பே. ஐபேடின் சஃபாரி உலாவியின் பல பதிப்புகளில் இன்னுமொரு கட்டுப்பாடு உண்டு. படத்தைச் சுருக்குவதற்குப் பயன்படும், கேன்வாஸ் எனப்படும் வரைபலகையின் பரப்பு 1,67,77,216 பிக்சலைத் தாண்டக் கூடாது. அது 4,096 பெருக்கல் 4,096.

வெப்ஜிஎல் விவரங்களைக் காட்டும் சோதனைப் பக்கம் ஒன்றை டேப்லெட்டில் திறந்து, அதிகபட்ச டெக்ஸ்சர் அளவு என்ற வரியைப் பாருங்கள். அங்கே 4,096 என்று இருந்தால் என் ஊகம் சரி.

அலைவாய் எழுதியது:

நிலாவெளியான் சொன்னது சரியான காரணங்களில் ஒன்று. ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரே விளைவைத் தரக்கூடிய இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு, இரண்டும் ஒரே சாதனத்தில் சேர்ந்தும் இருக்கலாம்.

ஒரு திரையில் முழுச்சுற்றுப் படம் கூர்மையாகத் தெரிவதற்கு மூலப் படம் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பார்வைக் கோணம் 90 பாகை என்று வைத்துக்கொண்டால், திரையின் பிக்சல் அகலத்தை 3.14 ஆல் பெருக்குங்கள். திரையின் நடுப்பகுதியில் ஒரு திரைப் பிக்சலுக்கு ஒரு படப் பிக்சல் கிடைக்கத் தேவையான அகலம் அதுவே. 1,366 பிக்சல் மடிக்கணினிக்கு ஏறத்தாழ 4,290 வரும். 1,920 திரைக்கு 6,030 வரும். 2012 இல் வந்த ரெட்டினா ஐபேடின் 2,048 திரைக்கு 6,430 வரும். 4,096 பிக்சல் படத்தை வைத்துக்கொண்டு பழைய மடிக்கணினியில் திருப்திப்பட்டவர்கள், அதே படத்தை ஐபேடில் பார்த்துவிட்டு முகம் சுளித்ததற்கு இதுதான் காரணம்.

உங்கள் விடயத்தில் இரண்டு திரைகளுக்கும் அகலம் 1,920. ஆகவே தேவை இரண்டுக்கும் ஒன்றே. இன்னும் ஒரு படி மேலே போனால், ஒரே 90 பாகைக் காட்சி கணினியில் ஏறத்தாழ 49 சென்ரிமீற்றர் அகலத்தில் பரவுகிறது, பத்து அங்குல டேப்லெட்டில் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றரில் அடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே படம் போய்ச் சேர்ந்திருந்தால், டேப்லெட்டில் அது கணினியைவிடக் கூர்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். சிறிய திரை குறைகளையும் சிறிதாக்கிவிடும். அது மங்கலாகத் தெரிகிறது என்றால், வழியில் எங்கோ பிக்சல்கள் கைவிடப்பட்டிருக்கின்றன. டேப்லெட் என்றாலே தரம் குறைவு என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சொன்ன இரண்டாவது காரணம் இது. டேப்லெட் உலாவிகள், எழுத்துகள் மிகச் சிறியதாகிவிடாமல் இருக்கப் பக்கத்தை உண்மையான பிக்சல் எண்ணிக்கையைவிடக் குறைந்த அளவில் கணக்கிடும். உங்கள் டேப்லெட்டின் 1,920 பெருக்கல் 1,200 திரையை உலாவி 1,280 பெருக்கல் 800 என்று சொல்லிக்கொள்ளக்கூடும். அவ்வாறானால் பிக்சல் விகிதம் 1.5. பார்வை நிரல் அந்த விகிதத்தைக் கேட்டறிந்து அதற்கேற்பப் பெரிதாக வரைய வேண்டும். வேகம் கருதியோ கவனக்குறைவாகவோ விகிதத்தை 1 என்று நிறுத்திவைத்த நிரல்கள் நிறைய உண்டு. அப்போது 23 இலட்சத்து 4 ஆயிரம் பிக்சல் வரைய வேண்டிய இடத்தில் 10 இலட்சத்து 24 ஆயிரம் பிக்சலை வரைந்துவிட்டு, அதை இழுத்துத் திரையில் நிரப்பும். மூலப் படம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை. மேசைக் கணினியில் இந்த விகிதம் பெரும்பாலும் 1 ஆகவே இருப்பதால் குறை அங்கே வெளிப்படாது.

இரண்டில் எது என்று பிரித்தறிய, டேப்லெட்டில் ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, அதைக் கணினிக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் மேல் மிதக்கும் பொத்தான்களும் எழுத்துகளும் கூர்மையாக இருந்து, படம் மட்டும் மென்மையாகக் குழைந்திருக்கும். அது இரண்டு காரணத்துக்கும் பொது. பிறகு பார்வைக் கோணத்தை இயன்ற அளவு விரித்து மீண்டும் பிடியுங்கள். டெக்ஸ்சர் சுருங்கியதுதான் காரணம் என்றால், கோணம் விரியும்போது படம் கூர்மையாகிவிடும். ஏனெனில் 1,920 திரையில் 110 பாகைக்கு மேல் விரித்தால் 4,096 படமே நடுப்பகுதிக்குப் போதுமானதாகிவிடும். கோணத்தை எவ்வளவு விரித்தாலும் விளிம்புக் கோடுகள் ஒரே அளவில் குழைந்தே இருந்தால், வரையும் பரப்புதான் சிறியது.

கோட்டைவாசல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே சோதித்தோம். டேப்லெட்டின் அதிகபட்ச டெக்ஸ்சர் அளவு 4,096. கோணத்தை விரித்தபோது படம் சற்றுத் தெளிந்தது, ஆனாலும் கணினியின் கூர்மை வரவில்லை. நாங்கள் எடுத்தாண்ட மாதிரி நிரலில் பிக்சல் விகிதம் 1 என்றே எழுதப்பட்டிருந்தது. அதைச் சாதனத்தின் விகிதத்துக்கு மாற்றியவுடன் கோட்டைச் சுவரின் கல் விளிம்புகள் உடனடியாகத் தெளிவடைந்தன. அப்படியானால் இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஆனால் தொட்டில் கயிறு இன்னும் வரவில்லை. 4,096 என்ற வரம்பை எப்படிக் கடப்பது? நிமிர்த்திப் பிடிக்கும்போது சிலையின் தலை நீளுவது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

தோணிக்கரை எழுதியது:

வரம்பைக் கடக்க வேண்டியதில்லை, ஒரே பெரிய டெக்ஸ்சராக ஏற்றுவதை விட்டுவிட்டால் வரம்பு ஒரு தடையே ஆகாது. உப்புவெளியில் சில விடுதிகளுக்கு இத்தகைய படங்களைச் செய்து கொடுத்து வருகிறேன். பல நிலைத் துண்டுகளாக வெட்டி வைப்பதைத் தவிர வேறெதையும் இப்போது நான் பரிந்துரைப்பதில்லை.

முறை இதுதான். கோளப் படத்தை முதலில் ஆறு முகங்கள் கொண்ட கனசதுரமாக மாற்ற வேண்டும். ஒரு முகத்தின் பக்கம், மூலப் படத்தின் அகலத்தை 3.14 ஆல் வகுத்த அளவு. உங்கள் 12,000 பிக்சல் படத்துக்கு அது ஏறத்தாழ 3,816 பிக்சல். அந்த முகங்களை 512 பிக்சல் சதுரத் துண்டுகளாக வெட்டுகிறோம். பிறகு முகத்தைப் பாதியாகச் சுருக்கி மீண்டும் வெட்டுகிறோம். இப்படி 3,816, 1,908, 954, 477 என்று நான்கு நிலைகள் வரும், துண்டுகள் மொத்தம் 510 ஆகும். பார்வை நிரல் முதலில் மிகச் சிறிய நிலையின் ஆறு துண்டுகளை ஏற்றி, உடனே முழுச் சுற்றையும் மங்கலாகக் காட்டும். அதன் பின், பார்ப்பவர் எந்தத் திசையில் எவ்வளவு நெருங்கிப் பார்க்கிறாரோ அந்தத் திசையின் நுண்ணிய துண்டுகளை மட்டும் வரவழைக்கும். ஒவ்வொரு துண்டும் 512 பிக்சல் என்பதால் எந்த டேப்லெட்டின் வரம்பும் குறுக்கே வராது. நினைவகத்திலும் கண்முன் உள்ளவை மட்டுமே தங்கும். உங்கள் பழைய டேப்லெட்டும் இதைத் தாங்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

நீங்கள் ஏற்கெனவே ஹியூகின் வைத்திருப்பதால் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. பனெல்லம் நிரலோடு துண்டு வெட்டுவதற்கான சிறு பைதான் நிரலும் வருகிறது. அது ஹியூகினோடு வரும் நோனா என்ற கருவியைக் கொண்டே முகங்களை உருவாக்கும். மார்சிபானோ என்ற நிரலும் இலவசமானது, அதுவும் இதே முறையில் இயங்கும். பணம் கொடுக்கக்கூடியவர்கள் கேஆர்பானோ வாங்குகிறார்கள். உங்கள் தேவைக்கு அது அவசியமில்லை.

மேலே ஒருவர் கேட்டிருந்த தனிச் சிறு படங்கள் என்ற யோசனை முன்பு தவிர்க்க முடியாததாக இருந்தது. அந்நாளில் கணினி உலாவிகளில் இத்தகைய படங்களைக் காட்டிய ஃபிளாஷ் என்ற செருகுநிரல் ஐபேடில் ஒருபோதும் இயங்கவில்லை. 2014 இல் வந்த ஐஓஎஸ் 8 இயங்குதளம் வரைக்கும் அதன் சஃபாரி உலாவியில் வெப்ஜிஎல்லும் கிடைக்கவில்லை. அதனால் கணினிக்கு ஃபிளாஷ் வடிவம் ஒன்றும், ஐபேடுக்கு ஆறு சிறு சதுரப் படங்களைக் கொண்ட வடிவம் ஒன்றும் தயாரிப்பதே அந்நாளைய நடைமுறை. டேப்லெட்டில் தரம் குறைவு என்ற எண்ணம் வேரூன்றியது அக்காலத்தில்தான் என்று நினைக்கிறேன். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 உடன் கைவிடப்பட்டது. இன்று ஒரே துண்டுத் தொகுதி எல்லாத் திரைகளுக்கும் போதும்.

இனிச் சிலையின் தலை. முழுச்சுற்றுப் பார்வை நிரல்கள் நேர்கோடுகளை நேராகக் காட்டும் தட்டைப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் நடுவிலிருந்து விலக விலகப் பொருள்கள் இழுபடும். பெரும்பாலான நிரல்களில் கிடைக்கோணத்தை மட்டும், உதாரணமாக 100 பாகை என்று, நிர்ணயித்துவிடுகிறோம். கணினியின் அகலத் திரையில் அப்போது செங்குத்துக் கோணம் 68 பாகைதான் வரும், யாருக்கும் எதுவும் தோன்றாது. அதே 100 பாகையை உங்கள் டேப்லெட்டை நிமிர்த்தி 1,200 பிக்சல் அகலத்தில் அடைத்தால், செங்குத்துக் கோணம் 125 பாகையாக விரிந்துவிடும். மேல் விளிம்பில் பொருள்கள் நடுப்பகுதியைப் போல நான்கரை மடங்கு நீளத்துக்கு இழுபடும். சிலையின் திருமுகம் நீளாமல் என்ன செய்யும்! திரையின் வடிவத்தைக் கேட்டறிந்து, அது நிமிர்ந்திருந்தால் கிடைக்கோணத்தை 55 பாகைக்குக் குறைக்கும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். செங்குத்துக் கோணம் 80 பாகைக்குள் நிற்கும். இந்த இழுபாடு மங்கலுக்கும் காரணமாகிறது. இழுபட்ட இடத்தில் அதே எண்ணிக்கையான படப் பிக்சல்கள் அதிகமான திரைப் பிக்சல்களை நிரப்ப வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

நெருங்கிப் பார்ப்பதற்கும் எல்லை வைக்க வேண்டும். 12,000 பிக்சல் படம் 2,048 திரையில் ஏறத்தாழ 56 பாகை வரைக்கும்தான் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நிற்கும். அதற்குக் கீழே போனால் பிக்சல்களை ஊதிப் பெருக்குகிறோம். இரண்டு விரல்களால் விரித்துப் பார்ப்பது டேப்லெட்டில் கையோடு வந்த பழக்கம், கணினியில் அப்படி நெருங்குபவர்கள் குறைவு. ஆகவே டேப்லெட் பார்வையாளர்கள் அந்த எல்லையை எளிதில் மீறிவிட்டு, படம் தெளிவில்லை என்பார்கள். கீழெல்லையை 40 பாகை அளவில் நிறுத்துவது என் வழக்கம். சற்றே மென்மையாகும், ஆனால் உடைந்து தெரியாது.

ஜேபெக் தரத்தைப் பற்றியும் ஒன்று. பல மென்பொருள்கள் தரத்தைக் குறைக்கும்போது நிறத் தகவலைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும். கடலுக்கும் கல்லுக்கும் அது கண்ணில் படாது. ஆனால் கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டைகளைப் பாருங்கள். காவி நிறம் வெள்ளைக்குள் கசிந்தது போல விளிம்பு அழுக்காகும். துண்டு வெட்டுவதற்கு முன் மூலத்தைச் சுருக்கமில்லாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்திருங்கள். துண்டுகளைச் சேமிக்கையில் நிறத்தின் நுணுக்கத்தைக் குறைக்காத தெரிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோப்பு ஓரளவு பெரிதாகும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

நம்மூரில் எடுப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. கோயில் நிற்கும் கோணமலையின் விளிம்பில் கடற்காற்று உப்பைத் தூவிக்கொண்டே இருக்கும். லென்ஸில் படியும் அந்தப் பூச்சு ஒவ்வொரு படத்துக்கும் கூடிக்கொண்டே போகும். அடுத்தடுத்த படங்களின் ஒளி-இருள் வேறுபாடு ஒன்றுக்கொன்று பொருந்தாமல், ஒட்டிய பின் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் ஒரு படத்தில் நின்றும் அடுத்ததில் நகர்ந்தும் இருந்தால் பாதி மானாகத் தெரியும். ஹியூகினில் வேண்டாத பகுதியை மறைக்கும் முகமூடி (mask) இட்டு ஒரு படத்து மானை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

துறைமுகவீதி எழுதியது:

இவ்வளவு கணக்கும் பயனுள்ளது. ஆனால் ஒப்பீட்டுக்கு எந்தக் கணினியை எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பாடசாலைக் கணினி அறைகளில் இருக்கும் பழைய திரைகள் பலவற்றில் நிறம் வெளிறும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் கறுப்பு சாம்பலாகும். அத்தகைய திரையில் பார்த்துவிட்டு, கடலின் நீலம் போதவில்லை என்று படத்தை அடர்த்தியாக்கினால், நிறத்தைச் சரியாகக் காட்டும் டேப்லெட்டில் அது கண்ணை உறுத்தும். டச்சு விரிகுடாவின் நீர் சாயம் கரைத்தது போலாகிவிட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன். நிறத்தையும் வெளிச்சத்தையும் முடிவு செய்யும்போது ஒரு நல்ல டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் தெரிவதையே அளவாகக் கொள்ளுங்கள். கோப்பில் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிறத் தரத்தின் விவரத்தைப் பதித்துச் சேமியுங்கள்.

டேப்லெட்டின் திரை பளபளப்பானது என்பதையும் மறக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் முதியவர் ஒருவர் அதை மடியில் வைத்துப் பார்க்கும்போது, கோட்டை வாயிலின் உட்புறம் போன்ற இருண்ட பகுதிகளில் தன் முகத்தையே காண்பார். அத்தகைய இடங்களில் மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்து இணைத்து, நிழல்களைச் சற்றுத் திறந்து வையுங்கள். மேசைக் கணினியில் அது கொஞ்சம் தட்டையாகத் தெரியும். உங்கள் பார்வையாளர்களுக்காக அந்த இழப்பை ஏற்பதே முறை என்பது என் எண்ணம்.

டேப்லெட்டைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் வசதியை வைக்க நினைத்தால், ஆப்பிள் சாதனங்களில் ஐஓஎஸ் 13, ஐபேட்ஓஎஸ் 13 முதல் அதற்குப் பார்ப்பவர் ஒரு பொத்தானைத் தொட்டு அனுமதி தர வேண்டும், பக்கமும் பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும். அந்தப் பொத்தானில் தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

கோட்டைவாசல் எழுதியது:

தோணிக்கரை அக்கா சொன்னபடி பனெல்லத்துக்கு மாறி, கோயில் முன்றில் படத்தை மட்டும் துண்டுகளாக வெட்டி ஏற்றிப் பார்த்தோம். பத்து அங்குல டேப்லெட்டில் தொட்டில் கயிறு தெரிகிறது, முடிச்சும் தெரிகிறது. பழைய டேப்லெட்டில் நுண்ணிய துண்டுகள் வந்து சேரச் சிறிது நேரம் எடுக்கிறது, ஆனால் பக்கம் நிற்கிறது. நிமிர்த்திப் பிடித்தாலும் சிலை தன் வடிவில் இருக்கிறது. கோணமலையின் விளிம்பிலிருந்து கடலைப் பார்க்கும் படத்தையும் வெட்டினோம். அதில் மட்டும், வானத்தில் மயிரிழை போன்ற நேர்கோடு ஒன்று தெரிகிறது. கணினியில் அது இல்லை. துண்டுகளின் விளிம்பா, அல்லது ஒட்டியதில் வந்த கோடா என்று எப்படி அறிவது?

அலைவாய் எழுதியது:

கோடு மிக நேராகவும், பார்வையைத் திருப்பும்போது சில கோணங்களில் மறைந்து சில கோணங்களில் தோன்றுவதாகவும் இருந்தால், அது துண்டின் விளிம்பு. ஹியூகினில் வந்த ஒட்டுக் கோடு என்றால் வளைந்திருக்கும், கணினியிலும் தெரியும். சில்லு ஒரு துண்டின் ஓரப் பிக்சலை வரையும்போது அண்டைப் பிக்சல்களோடு கலந்து நிறத்தைக் கணிக்கிறது. ஓரத்தில் அண்டை இல்லாததால், துண்டின் மறுபக்க விளிம்பிலிருந்தோ பின்னணியிலிருந்தோ நிறத்தை எடுத்துவிடக்கூடும். ஒரே நிறமாகப் பரந்த வானத்தில் அது பளிச்சென்று தெரியும், கற்களுக்கு நடுவே மறைந்துவிடும்.

முதலில் பனெல்லத்தின் அண்மைப் பதிப்பையே பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். பிறகு பக்கத்தின் பின்னணி நிறத்தை வானத்தின் நிறத்துக்கு ஒத்ததாக மாற்றிப் பாருங்கள். கோடு மங்கினால் பின்னணிதான் இடைவெளி வழியே எட்டிப் பார்க்கிறது என்று பொருள். அப்படியும் நின்றால், எந்த டேப்லெட், எந்த உலாவி என்பதோடு ஒரு திரைப்பிடிப்பையும் இங்கே இடுங்கள். கோடு முகத்தின் எல்லையில் விழுகிறதா, முகத்துக்குள் 512 பிக்சல் எல்லையில் விழுகிறதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.